பிள்ளை யாரோடு வருகிறது?

இவ்வாரத் தியானப் பகுதி: லூக்கா 2:41-52, ரூத் 4:13-17



நம்முடைய இரட்சகரின் பாலப் பருவத்தைக் குறித்துச் சுவிசேஷங்கள் சொல்வது மிகவும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு பகுதி, அவர் காணாமற்போன நாட்களைப் பற்றியது. பஸ்கா பண்டிகை முடிந்து மக்கள் எருசலேமிலிருந்து கூட்டமாகத் திரும்புகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை உடன் வரவில்லை என்பதை யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் வழி நடந்த பிறகே உணருகிறார்கள். அதுவரை அவர்கள் கலங்காமல் நடந்ததற்கு லூக்கா காரணமும் காட்டுகிறார். உறவினரும் தெரிந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பிள்ளை அவர்களோடு வருவார் என்று பெற்றோர் எண்ணிக்கொண்டார்கள் (2:44).

இந்த வசனத்தின்மேல் பிரசங்கிக்கும்போது நாம் பெரும்பாலும் பெற்றோரின் கவனக்குறைவையே சுட்டிக்காட்டுகிறோம். அண்மையில் வேதபாட வகுப்பில் ஓர் இளம் தாய் இதை வேறுவிதமாகக் கேட்டார். ஒன்றரை வயதுப் பிள்ளை அவர் மடியில் இருந்தது. "ஐயா, ஒரு நாள் முழுவதும் பிள்ளையைப் பற்றிய கவலை இல்லாமல் நடக்கும் அளவுக்கு அவர்களுக்கு ஆட்கள் இருந்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?"

அந்தக் கேள்வியைத்தான் இவ்வாரம் உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன்.

கூட்டம் சிறுத்த விதம்

நம்முடைய காவிரிப் படுகையில் பிள்ளை வளர்ப்பு, வயலின் வேலையோடு பின்னிக் கிடந்த ஒன்று. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. ஜூன் 12 என்பது அதன் மதகைத் திறக்கும் நாளாக நம் மனத்தில் பதிந்திருக்கிறது. தண்ணீர் வந்தால் குறுவை. அதன் பின்னே சம்பா, தாளடி. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் பெண்களின் கைவேலை. கைப்பிள்ளைக்காரி அந்த வேலையை விட்டுவிட முடியாது. வாய்க்கால் கரையில் நிற்கும் பூவரச மரத்தில் பழைய சேலையைக் கட்டித் தூளியாக்குவாள். நடவு வரிசையில் நிற்பவர்களில் யார் கரைக்கு அருகில் வருகிறார்களோ அவர்கள் தூளியை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போவார்கள். பால் கொடுக்க அவள் கரையேறினால், அவளுடைய பங்கு வரிசையைப் பக்கத்தில் நிற்பவள் சேர்த்து நட்டுவிடுவாள். நம் சபையின் மூத்த தாய்மார்கள் பலரும் இவ்விதமாகவே பிள்ளை வளர்த்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று அறுவடையை இயந்திரம் ஒரு பொழுதில் முடித்துவிடுகிறது. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பல ஊர்களில் நாற்று விடாமல் நேரடியாகவே விதைக்கிறார்கள். குனிந்து குனிந்து முதுகொடிந்த வேலை குறைந்ததற்காக நாம் தேவனை ஸ்தோத்திரிக்கலாம். ஆனால் அந்த வேலையோடு கூலியும் போயிற்று. ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். பெண்கள் நூறு நாள் வேலைக்கும், பேருந்தேறி நகரத்து ஜவுளிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் போகிறார்கள். படித்த பிள்ளைகளோ பெங்களூரில், ஓசூரில், கடல் கடந்த தேசங்களில் இருக்கிறார்கள். வயலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. ஜவுளிக்கடைக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

வீடுகளும் மாறிவிட்டன. திண்ணையும் முற்றமும் வைத்த வீட்டில் தெருவில் போகிறவர்கள் கண்ணில் பிள்ளை பட்டுக்கொண்டே இருக்கும். இரும்புக் கிரில் போட்ட இரண்டு அறை வீட்டில் பிள்ளையைப் பார்ப்பதற்கு உள்ளே இருக்கிற ஒருவர்தான். அந்த ஒருவரும் சோறு வடிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும்.

இன்னுமொரு மாற்றத்தை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். இதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. தாய்மார் பேறுகாலங்களில் உயிரிழந்து, பிள்ளைகள் பாதிப்பேர் தவறிப்போன காலத்தை யாரும் திரும்ப விரும்பமாட்டோம். ஆயினும் கணக்கைச் சற்றுத் தொடர்ந்து பாருங்கள். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவன், ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவளை மணந்தால், அவர்களுடைய பிள்ளைக்குச் சித்தப்பா இல்லை, பெரியம்மா இல்லை, அத்தை இல்லை, தாய்மாமன் இல்லை. உறவு முறைகளுக்கு இத்தனை தனித்தனிப் பெயர்களை வைத்திருக்கும் நம் மொழியில், அந்தப் பெயர்களைச் சொல்லி அழைக்க ஆளில்லாத பிள்ளைகள் வளர்கிறார்கள். வீட்டுக்கு வரும் எல்லாரும் அவர்களுக்கு அங்கிளும் ஆன்ட்டியுந்தான்.

பழைய வீட்டையும் மெய்யாகவே பார்ப்போம்

இப்படிச் சொன்னவுடன், கூட்டுக் குடும்பம் குலைந்ததே எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்று நம்மில் சிலர் தலையசைப்பதைக் காண்கிறேன். பிரியமானவர்களே, நாம் மெய்யைப் பேச வேண்டும்.

முற்றமும் தாழ்வாரமும் கொண்ட பெரிய வீடு எல்லாருக்கும் வாய்த்ததன்று. அது பெரும்பாலும் நிலமுடையவர்களின் வீடு. அந்த வீட்டின் நெல்லை அறுத்துக் களம் சேர்த்தவர்களின் பிள்ளைகள் வரப்பில் கிடந்தார்கள். அந்தப் பிள்ளைகளை இடுப்பில் சுமந்தவள் யார்? பெரும்பாலும் எட்டு அல்லது ஒன்பது வயது அக்காள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்ட அக்காமார், இன்று நம் சபையில் திருவிருந்துக்கு வந்து, பதிவேட்டில் கைநாட்டு வைக்கிற பாட்டிமாராக இருக்கிறார்கள். பெரிய வீட்டிலும் மருமகள் எல்லாருக்கும் பின்னால் உண்டாள். தன் பிள்ளையைத் தானே தூக்கிக் கொஞ்சவும் மாமியாரின் முகம் பார்க்க வேண்டியிருந்தது. கூட்டம் இருந்ததனாலேயே அன்பும் இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

வேதமும் அப்படிச் சொல்லவில்லை. கூட்டத்தோடு போனபோதுதான் இயேசுவானவரும் காணாமற்போனார். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கும் இடத்தில், ஒருவரும் பார்க்காமல் போவதும் உண்டு. ஏலியின் வீட்டைப் பாருங்கள். ஆலயமே வீடாக இருந்தது, தகப்பன் எப்போதும் உடனிருந்தான். அவனுடைய இரண்டு குமாரரும் கெட்டுப்போனார்கள். அதே இடத்தில் வளர்ந்த சாமுவேலோ தாயைப் பிரிந்த பிள்ளை. வருஷத்துக்கு ஒருமுறை மட்டுமே அன்னாள் அவனைக் கண்டாள். வரும்போதெல்லாம் ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவந்தாள் (1 சாமுவேல் 2:19). அளவு பார்க்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை. இந்த வருஷம் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்திலேயே அளந்து தைத்திருப்பாள். வளைகுடாவில் உழைத்துக்கொண்டு, பிள்ளையின் செருப்பு அளவை வீட்டாரிடம் விசாரிக்கும் தகப்பன்மார் இந்த வசனத்தை அறிவார்கள்.

ஆகவே, தாய் வேலைக்குப் போவதனால் பிள்ளை கெட்டுப்போகிறது என்று யாரும் இளம் தாய்மாரைக் குற்றப்படுத்த வேண்டாம். நீதிமொழிகள் 31இல் புகழப்படும் ஸ்திரீயும் வயலை வாங்குகிறாள், திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள், வியாபாரம் செய்கிறாள். நம் படுகையின் தாய்மார் ஒருகாலத்திலும் சும்மா இருந்தவர்கள் அல்லர். அன்று தூளியை ஆட்ட வேறு கைகள் அருகில் இருந்தன, இன்று இல்லை. மாறியது இதுதான். போனவற்றில் எதை மீட்க வேண்டும் என்று கேட்டால், பெரிய வீட்டையும் அதன் அதிகாரத்தையும் நாம் மீட்க வேண்டியதில்லை. பெற்றோரைத் தவிரவும் தன்னை அறிந்த, தன்மேல் பிரியமுள்ள, நாள்தோறும் காணக்கூடிய சில பெரியவர்கள் ஒரு குழந்தைக்கு வேண்டும். மீட்கப்பட வேண்டியது அது ஒன்றே.

தஞ்சையில் வளர்ந்த மூன்று பிள்ளைகள்

அப்படிப்பட்ட பெரியவர் ஒருவரை இந்த ஊர் அறியும். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் எழுந்த ஆலயத்தைச் சுவார்ட்ஸ் ஐயர் கோயில் என்றே நாம் இன்றும் அழைக்கிறோம். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்து, 1778இல் தஞ்சாவூரில் நிலையாகத் தங்கி, 1798 பிப்ரவரியில் இங்கேயே மரித்தவர் அவர். அவருக்கு மனைவி இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. அவர்தாமே சிறு பிராயத்தில் தாயை இழந்தவர்.

அவரால் வளர்ந்த பிள்ளைகளில் மூவரை நினைவுகூர்கிறேன். ஒருவர், தரங்கம்பாடி மிஷனெரி ஒருவரின் மகனாகிய ஜான் காஸ்பர் கோலாப். அவரைச் சிறு வயதிலேயே ஐயர் தம்மோடு வைத்து, மகனைப்போல் வளர்த்தார். 1787இல் குருப்பட்டம் பெற்ற கோலாப், 1844இல் மரிக்கும்வரை தஞ்சைத் திருச்சபைக்கு ஊழியம் செய்தார். மற்றொருவர், 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம். ஏறத்தாழ 12 வயதில் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். அந்தப் பிள்ளையே பிற்காலத்தில் வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் நம்முடைய ஆராதனை ஏது?

மூன்றாமவர் அரண்மனைப் பிள்ளை. துளஜா மன்னர் 1787இல், தம் கடைசி நாட்களில், பத்து வயது நிரம்பாத சரபோஜியைத் தத்தெடுத்து, ஐயரின் பாதுகாப்பில் ஒப்படைக்க விரும்பினார். ஐயர் தயங்கினார். ஆட்சிப் பொறுப்பு மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் போயிற்று. அரண்மனை நிறைய உறவினர். ஆனாலும் பிள்ளை வெளியே நடமாட வழியில்லாமல், கற்பிப்பாரும் இல்லாமல் அடைபட்டுக் கிடந்தது. ஐயர் அதைக் கேள்விப்பட்டுச் சும்மா இருக்கவில்லை. போய்ப் பார்த்தார், ஆங்கிலேய அதிகாரிகளிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டார், கற்பிக்க ஆள் ஏற்படுத்தினார். இறுதியில் 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கே பாதுகாப்பாகக் கல்வி கற்றார். 1798இல் அரியணை ஏறினார். ஐயரை அவர் தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருந்தார். தம் முன்னோரின் சமயத்திலோ கடைசிவரை நிலைத்திருந்தார். ஐயரின் பரிவு நிபந்தனை வைத்த பரிவாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

மன்னர் லண்டனில் ஜான் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் அந்த ஆலயத்தில் இருக்கிறது. மரணப்படுக்கையில் இருக்கும் ஐயரின் கையைச் சரபோஜி பற்றிக்கொண்டிருக்கிறார். பள்ளிச் சிறுவர்களும் கட்டிலருகே நிற்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஓர் அரசரும் ஒரு குருவும். ஆனால், தன்னைத் தேடி வந்த ஒரு பெரியவரை மறக்காத ஒரு பிள்ளையையே நான் அங்கே காண்கிறேன்.

சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்குத் தம் முன்னோர் வைத்த சத்திரங்களின் தருமத்தைக் காக்கும்படி ஒரு மடல் எழுதினார். வழியில் பெற்றோரை இழந்து சத்திரத்தில் நின்றுவிடும் பிள்ளைகளுக்கு மூன்று வேளை உணவு, எண்ணெய் தேய்ப்பு, மருந்து, உடை ஆகியவை கொடுத்து, அவர்கள் விரும்பும் கல்வியைக் கற்பித்து, பின்பு கலியாணச் செலவையும் ஏற்பது அங்கே நடந்து வந்ததாக அதில் விவரிக்கிறார். வழிப்போக்கராக வரும் கர்ப்பிணிகளுக்குச் சத்திரத்திலேயே பிரசவம் பார்க்கப்பட்டதையும் எழுதுகிறார். ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் வழியே பேருந்தில் போகும்போது இதை எண்ணிப் பாருங்கள். இரத்த உறவில்லாத பிள்ளையைத் தன் பிள்ளையாக எண்ணுவது இந்த மண்ணுக்குப் புதிய உபதேசமல்ல.

இன்று அரசாங்கமும் அந்தப் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கிறது. பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடிகளுக்கு அடிப்படையான திட்டம் 1975இல் தொடங்கிற்று. மதிய உணவுத் திட்டம் 1982இல் சத்துணவாக விரிந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று, நம் படுகையைச் சேர்ந்த திருக்குவளையிலிருந்து, காலை உணவுத் திட்டம் மாநிலமெங்குமுள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. விடியுமுன் வேலைக்கு ஓடும் தாய்க்கு அந்த உப்புமாவும் பொங்கலும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கிராமத்துச் சபைகளில் கேட்டறியலாம். ஆனாலும் அரசாங்கம் பிள்ளைக்கு உணவு தரலாம். மாலையில் அந்தப் பிள்ளை சொல்ல வரும் கதையை உட்கார்ந்து கேட்க அதனால் இயலாது.

பதில் பேசாத தோழன்

அந்தக் கதையை இன்று கேட்பது யார்? வீடு சந்திப்புக்குப் போகும்போது நான் காண்பதைச் சொல்கிறேன். பிள்ளை ஒரு வாய் சோறு வாங்க வேண்டுமானால் கைப்பேசி எதிரே இருக்க வேண்டும். அப்பாயிக்கோ முழங்கால் வலி. இரண்டு வயதுப் பிள்ளையின் பின்னால் தெருவரை ஓட அவர்களால் முடியவில்லை. கையில் கைப்பேசியைக் கொடுத்தால் பிள்ளை ஓர் இடத்தில் இருக்கிறது. அவர்களை நான் கடிந்துகொள்ளத் துணியமாட்டேன். எழுபது வயதில், இரண்டாம் முறையாக, தனியாக, ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் பிள்ளைக்கு நேரிடுவதை நாம் அறிந்திருக்க வேண்டும். குழந்தை 'ங்கா' என்றால் நாமும் 'ங்கா' என்கிறோம். நிலாவைக் காட்டினால் நாமும் பார்த்து நிலா என்கிறோம். கேட்கிறது, சொல்கிறது, பதில் வருகிறது, மறுபடியும் சொல்கிறது. பேச்சு பிறப்பது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். திரை எவ்வளவு அழகாகப் பாடினாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாது. இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 2019இல், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் அறிவுறுத்தியது. இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்றே நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. தூர தேசத்திலுள்ள தகப்பனின் முகம் அந்தத் திரையில்தான் வருகிறது. அது பதில் பேசும் முகம். ஒரு வீட்டில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்திறங்கிய தகப்பனைக் கண்டு பிள்ளை அப்பாயியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அப்பா எங்கே என்று கேட்டதற்குக் கைப்பேசியைக் காட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தகப்பனும் சிரித்தார். பின்பு எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அவரைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. நலம் விசாரிப்பதோடு நின்றுவிடாமல், இரவில் ஒரு குறித்த நேரத்தை வைத்து, வேதாகமக் கதை ஒன்றைச் சொல்லுங்கள், சேர்ந்து ஜெபியுங்கள். பிள்ளை அந்த நேரத்துக்காகக் காத்திருக்கப் பழகும்.

ஏசாவைச் சந்தித்தபின் யாக்கோபு செய்ததைக் கவனியுங்கள். ஏசாவோடு சேர்ந்து வேகமாகப் போக அவனால் முடியும். ஆனால் பிள்ளைகள் இளம் பிள்ளைகள் என்று சொல்லி, அவர்களுடைய நடைக்கு ஏற்றபடி மெதுவாகவே வருவேன் என்கிறான் (ஆதியாகமம் 33:13-14). சொத்தும் மந்தையும் உடைய ஒரு மனிதன், ஒரு குழந்தை நடக்கும் வேகத்தில் தன் பிரயாணத்தை வைத்துக்கொண்டான். வேலை முடிந்து வந்தபின் இரவில் அரைமணி நேரமாவது அந்த வேகத்தில் நடக்க நம்மில் ஒவ்வொருவருக்கும் கூடும்.

நகோமியின் மடி

ரூத்தின் புஸ்தகம் முடியும் இடத்தை வாசியுங்கள். ஓபேத் பிறக்கிறான். நகோமி அவனை எடுத்துத் தன் மடியில் வைத்து வளர்க்கும் தாயாகிறாள். இரத்த உறவைப் பார்த்தால் அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் சம்பந்தம் ஏதுமில்லை. பெற்றவள் மோவாபிய மருமகள், தகப்பன் போவாஸ், நகோமியின் குமாரரோ மரித்துப்போனார்கள். ஆயினும் நகோமிக்குப் பிள்ளை பிறந்தது என்று அயல்வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். பிள்ளைக்குப் பெயரிட்டவர்களும் அந்த அயல்வீட்டுப் பெண்களே (4:17). பெத்லகேமும் நெல்லுக்குப் பதில் வாற்கோதுமை அறுத்த ஓர் அறுவடை ஊர். பஞ்சமும் பிழைப்புத் தேடிப் போனதும் மரணமும் சேர்ந்து சிதறடித்த ஒரு குடும்பத்தை, ஓர் ஊர் மீண்டும் குடும்பமாக்கிற்று.

நம் ஆலயத்தில் குழந்தை ஞானஸ்நானம் நடக்கும்போது ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளையைத் தாங்குவோம் என்று சபையாரும் ஒப்புக்கொள்கிறார்கள். மறுமொழி சத்தமாகவே வருகிறது. ஞானஸ்நான விருந்தில் பிரியாணி முடிந்தபின் அந்த வாக்கு எங்கே போகிறது? நம்முடைய சபைக்கு நான் முன்வைக்கும் காரியங்கள் மிகவும் சிறியவை.

ஞானப்பெற்றோராக இருக்கிறவர்கள், பிறந்தநாளுக்கு உடை எடுத்துக் கொடுப்பதோடு நில்லாமல், மாதம் ஒருமுறையாவது அந்தப் பிள்ளையோடு ஒரு பொழுது இருங்கள். உள்ளூரில் உறவினர் இல்லாத இளம் குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு நீங்கள் பெரியம்மாவாகவும் மாமாவாகவும் இருங்கள். அந்த முறையைச் சொல்லியே பிள்ளை உங்களை அழைக்கட்டும். சனிக்கிழமை மாலைகளில் ஆலய மண்டபம் திறந்திருக்கும். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார் இரண்டு மணி நேரம் அங்கே பிள்ளைகளை விட்டுவிட்டுச் சற்று இளைப்பாறலாம். வாலிபர் சங்கத்தாரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் முறைவைத்துக் கதை சொல்லலாம், விளையாட்டுக் காட்டலாம். பிள்ளைகள் ஆராதனையில் சத்தமிட்டால் திரும்பி முறைப்பதை விட்டுவிடுவோம். தாய் அந்த முறைப்பைப் பார்த்துத்தான் அடுத்த ஞாயிறு வராமல் இருக்கிறாள்.

ஒரு காரியத்தில் மாத்திரம் தாட்சணியம் வேண்டாம். பல கைகள் என்றால் அவை பத்திரமான கைகளாக இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும், நான் உட்பட, அடைத்த கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அது சபைக்கும் சட்டமே. ஆபத்திலுள்ள எந்தப் பிள்ளைக்காகவும் 1098 என்ற எண்ணை யாரும் அழைக்கலாம். "நம்ம ஆள்தானே" என்ற எண்ணத்தில் நாம் கண்ணை மூடிக்கொண்டால், ஒரு நாள் வழி கடந்த பிறகே பிள்ளையைத் தேடத் தொடங்குவோம்.

யோசேப்பும் மரியாளும் பிள்ளையைக் காணோம் என்று அறிந்தபோது, உறவினரோடு வழக்காடிக்கொண்டு நிற்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்த் தேடினார்கள். தேவாலயத்தில், போதகர்கள் நடுவில் கண்டார்கள். அந்தப் பெரியவர்கள் அவரை விரட்டிவிடாமல், அவர் கேட்டதைக் கேட்டு, அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைக் காணாத பெற்றோர் நம் ஆலயத்துக்கு ஓடிவந்தால், அந்தப் பிள்ளை இங்கே பெரியவர்களின் நடுவில், அச்சமின்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சிந்தனைக்கு

உங்கள் வீட்டார் அல்லாத ஒரு பிள்ளையின் பெயரும் வயதும் பயமும் விருப்பமும் உங்களுக்குத் தெரியுமா?

இந்த வாரத்தில் எந்தத் தாயின், எந்தப் பாட்டியின் ஒரு மணி நேரப் பாரத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடும்?

ஜெபம்

பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த ஆண்டவரே, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக உம்மைத் துதிக்கிறோம். தூரத்தில் உழைக்கும் தகப்பன்மாரையும், களைத்து வீடு திரும்பும் தாய்மாரையும், முதிர்வயதில் மீண்டும் பிள்ளை சுமக்கும் பாட்டிமாரையும் தாங்கியருளும். ஞானஸ்நானத் தொட்டியருகே நாங்கள் கொடுத்த வாக்கை எங்களுக்கு நினைப்பூட்டும். எங்கள் கைகளைச் சுத்தமுள்ள கைகளாகவும், எங்கள் மடியைப் பத்திரமான மடியாகவும் ஆக்கும். பிள்ளைகளின் நடைக்கு ஏற்றபடி நடக்க எங்களுக்குப் பொறுமை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.